இன்னும் மூன்று பேர் பிடித்திருக்கிறார்கள்

1

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பிறகு பொய் சொல்ல வசதியாக இருக்கும். இந்தக் கதை நேற்று, சனிக்கிழமை காலை பதினொன்றேகாலுக்கு வந்த ஒரு போன்காலில் பிறந்தது. மொத்தம் ஒன்றே முக்கால் நிமிடம். அதில் பாதி நலவிசாரிப்பு. மீதி இது:

"அந்த அலாரம் ஃபைல்ல, கடைசி நாள் நீ என்ன பண்ணே?"

"ஸ்பேஸ் சரி பண்ணேன் மேடம்."

"வேற எதையும் தொடலையே?"

"இல்ல மேடம். ஏன், ஏதாவது பிரச்சினையா?"

"இல்ல, சும்மாதான் கேட்டேன். உடம்பப் பாத்துக்க."

சும்மா கேட்பதற்காக நான்கு மாதம் கழித்து யாரும் போன் செய்வதில்லை. பேசிய இருவரில் ஒருவர் எனக்கு ரொம்ப நெருக்கம். அப்படித்தான் இது என் காதுக்கு வந்தது. யார் என்று இப்போதே கேட்டு என் பிழைப்பைக் கெடுக்காதீர்கள். மீதி விவரங்களை அந்த மேடத்தின் அலுவலகத்தில் இன்னும் வேலை பார்க்கும் ப்ரோகிராம் சோதனைக்காரர் ஒருவரிடம் நேற்று மாலையே கறந்துவிட்டேன். அவர் நல்ல மனிதர். ரகசியம் என்று சொன்னால் போதும், ஒன்று விடாமல் சொல்லிவிடுவார்.

இன்று ஞாயிறு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்திருக்கிறேன். விளக்கு வைப்பதற்குள் கதையை முடித்துவிட உத்தேசம்.

2

தொடக்கம் ஒன்று:

"ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றபோது, பல் டாக்டர் தம் கையிலிருந்த பார்சலை—"

[நிறுத்திவிட்டேன். பல் டாக்டரிடமிருந்து ஆரம்பித்தால் வாசகர் அவர் பக்கம் சாய்ந்துவிடுவார். அப்புறம் நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பவே முடியாது.]

ஆனால் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். வியாழக்கிழமை ஏழாவது மாடியில், ஒரு நோயாளிக்குத் தாடை மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, மரத்துப்போகப் பத்து நிமிடம் ஆகுமே என்று, போனை மேசையிலேயே விட்டுவிட்டு, கீழே கூரியர் பார்சல் வாங்க வந்தார் பல் டாக்டர். திரும்பும்போது லிஃப்ட் நின்றது. அலாரம் பட்டனை அழுத்தினார். காவலாளி அறையில் மணி அடிக்கவில்லை. மறுபடி அழுத்தினார். நான்கு மணி நேரம் அழுத்தினார். மேலே நோயாளிக்குத் தாடை மரத்து, மரத்தது தெளிந்து, அவர் டாக்டரைத் திட்டிக்கொண்டே படியிறங்கி வீட்டுக்குப் போனார். லிஃப்ட் வேலை செய்யவில்லை என்று காவலாளியிடம் போகிறபோக்கில் அவர்தான் சொன்னார். பல் டாக்டருக்குச் சர்க்கரை நோய் உண்டு. கதவை நெம்பித் திறந்தபோது மயங்கிக் கிடந்தார். இரண்டு நாள் ஆஸ்பத்திரி.

அந்த மணியைக் காவலாளி அறைக்குக் கொண்டுபோவது ஒரு சின்னப் பெட்டி. அந்தப் பெட்டியைச் செய்வதுதான் நம் கதையின் கம்பெனி.

தொடக்கம் இரண்டு:

"கர்னல் என்பது கணினியின் இதயம் போன்ற—"

[என் கையை நானே அடித்துக்கொண்டேன். எதைத்தான் இதயம் என்று சொல்லாமல் விட்டோம்?]

சாதாரணமாகச் சொல்கிறேன். கம்ப்யூட்டரில் நாம் ஓட்டுகிற ப்ரோகிராம் எல்லாம் கவுன்ட்டருக்கு வெளியே வரிசையில் நிற்கிற ஜனம். உள்ளே உட்கார்ந்து எடுத்துக் கொடுக்கிற ஆள் கர்னல். வெளியே நிற்பவன் ரகளை செய்தால் அவனை மட்டும் துரத்திவிடலாம். கவுன்ட்டருக்கு உள்ளேயே நாற்காலி போட்டு உட்கார வைத்த ப்ரோகிராம் தப்புச் செய்தால் ஆபீசையே இழுத்து மூடவேண்டும்.

உள்ளே இருப்பவர்களுக்கு ஒரு சலுகை. வெளியுலகத்தோடு பேச உதவுகிற நெட்வொர்க் கார்டைப் பெயர் சொல்லி நேராகக் கேட்டு வாங்கலாம். கர்னல் கொடுக்கும், ஒருவர் பிடித்திருக்கிறார் என்று எண்ணிக்கையில் ஒன்று கூட்டிக்கொள்ளும். வேலை முடிந்ததும் "விட்டுவிட்டேன்" என்று ஒரு வரி எழுதவேண்டும். ஒன்று குறையும். யாராவது பிடித்திருக்கும்வரை அந்தக் கார்டைக் கழற்றக் கர்னல் சம்மதிக்காது. பத்து விநாடிக்கு ஒருமுறை, "காத்திருக்கிறேன், இன்னும் இத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள்" என்று திரையில் எழுதிக்கொண்டே காத்திருக்கும். அதற்கு அலுப்பு என்பதே கிடையாது.*

* கர்னல் தெரிந்த வாசகர்கள் இங்கே பல்லைக் கடிப்பது எனக்குக் கேட்கிறது. பல் டாக்டர் இப்போது நலம், போய்க் காட்டிக்கொள்ளலாம்.

3

இனி மனிதர்கள். மூன்று பேர் போதும்.

பூட்டு. நாற்பது வயது, கதைநாயகி. அருகில் இருக்கும் தண்ணீர் பாட்டிலை எடுக்கத் திரும்பினாலும் கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டுத் திரும்புவாள். அதனால் அந்தப் பெயர். அந்த அலுவலகத்தில் கர்னலுக்குள் கைவைக்கத் தெரிந்த ஒரே ஆள். அது அவளுக்கும் தெரியும். தெரியும் என்பது மற்றவர்களுக்கும் தெரியும்படி நடந்துகொள்வாள்.

ஸ்லைடு சார். மேலாளர். ஸ்லைடில் வந்தால்தான் உலகத்தில் நடந்ததாக ஒப்புக்கொள்வார். பெட்டியின் அலாரம் கர்னலுக்குள்ளிருந்து பேச வேண்டிய அவசியமே இல்லை. வெளியே ஒரு சின்ன ப்ரோகிராம் தாராளமாகப் போதும். பூட்டு இதைச் சொல்லவும் செய்தாள்.

"சார், உள்ள வெச்சா ஒண்ணு பிசகினாக்கூட மொத்தப் பெட்டியும் நின்னுடும்."

"கஸ்டமர்கிட்ட 'கர்னலுக்குள்ள இருந்தே'ன்னு ஸ்லைடு காட்டியாச்சும்மா. இப்ப வெளியன்னா நல்லாவா இருக்கும்?"

நல்லாவா இருக்கும் என்ற கேள்விக்கு எந்த இன்ஜினியரிடமும் பதில் கிடையாது. அலாரம் உள்ளே போனது.

மூன்றாவது ஆள், சீப்பு. இவனை என்ன செய்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. கதைக்குத் தேவை, ஆனால் ஆள் சுவாரஸ்யமில்லை. ஆறு வருடம் அங்கே உப்புக்குச் சப்பாணியாக இருந்தான். மற்றவர்கள் எழுதிய நிரலில் ஸ்பேஸ் கூடக் குறைய இருந்தால் அவனுக்குச் சோறு இறங்காது, வரிவரியாக வாரிவிடுவான். அதனால் சீப்பு. நான்கு மாதம் முன்பு ஆட்குறைப்பு என்றதும் யோசிக்காமல் அவன் பெயரைத்தான் எழுதினார்கள். கடைசி நாள், மற்றவர்களாக இருந்தால் மேசையைத் துடைத்துவிட்டுக் கிளம்புவார்கள். இவன் அலாரம் ஃபைலை மேலிருந்து கீழ்வரை வாரி, நேராக்கி, சேமித்துவிட்டுக் கிளம்பினான்.

அங்கேதான் வினை. நிரலின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், அதைக் கடைசியாகத் தொட்டவர் பெயர் நிற்கும். வரியை நாலு ஸ்பேஸ் தள்ளினாலும் தொட்டதுதான். ஆக, ஒரு எழுத்துகூட எழுதாத ஃபைல் முழுக்கச் சீப்பின் பெயர். இன்னும் ஒரு படி தோண்டினால் உண்மையில் யார் எழுதியது என்று தெரியும். ஸ்லைடு சார் தோண்டுகிற ஜாதி இல்லை.

4

வெள்ளிக்கிழமை காலை பெட்டி மேசைக்கு வந்தது. திரையைச் சொருகினார்கள். பத்து விநாடிக்கு ஒருமுறை அதே வரி: காத்திருக்கிறேன், இன்னும் மூன்று பேர் பிடித்திருக்கிறார்கள்.

அந்த மூன்று பேரும் யார் என்று பூட்டுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மூன்று பேரும் அவள்தான்.

பெட்டிக்குப் போகும் நெட்வொர்க் கேபிளை எலி கடித்திருக்கிறது. அலாரம், கார்டைப் பெயர் சொல்லி வாங்கும்; கேபிளில் உயிர் இருக்கிறதா என்று பார்க்கும்; இல்லையென்றால் திரும்பிவிடும். திரும்புகிற அந்த ஒரு வழியில் "விட்டுவிட்டேன்" என்ற வரி இல்லை. மூன்று முறை முயன்று, மூன்று முறையும் கார்டைக் கையில் பிடித்தபடியே திரும்பியிருக்கிறது. அதன்பிறகு பெட்டி செத்த கார்டைக் கழற்றிவிட்டு வயர்லெஸ் கார்டுக்கு மாறவேண்டும். கழற்ற முடியவில்லை. மூன்று பேர் பிடித்திருக்கிறார்களே.

கேபிள் நன்றாக இருந்தால் இந்தத் தப்பு ஆயுசுக்கும் வெளியே வராது. சோதனை மேசையில் கேபிளைப் பிடுங்கிப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் வந்திருக்கும். ஆனால் சோதனை மேசையின் இணைப்பும் ஸ்லைடு சாரின் வீடியோ மீட்டிங்கும் ஒரே இடத்திலிருந்து வந்தன. ஒருமுறை பிடுங்கி, அவர் பாதிப் பேச்சில் உறைந்துபோனதிலிருந்து அங்கே சிவப்பு எழுத்தில் ஒரு தாள் தொங்கியது: தொடாதே.

[இந்தத் தாளைப் பற்றி இன்னும் இரண்டு பக்கம் எழுத ஆசை. கதை வளராது என்பதால்—]

ஸ்லைடு சார் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, அந்த வரியின் பக்கத்தில் இருந்த பெயரைப் படித்தார்.

"ஓ, சீப்பு வேலையா? எனக்கு அப்பவே தெரியும்."

பூட்டு வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் பாதி வழி போய்விட்டார்.

"திங்கக்கிழமை பத்து மணிக்கு ரிப்போர்ட் கஸ்டமருக்குப் போகணும். நாளன்னைக்குச் சாயந்திரமே எனக்கு அனுப்பிடு. என்ன, ஏன், யாரு. மூணே பாயிண்ட்." நடந்துகொண்டே சொன்னார். "அவனை எடுக்கப்போற கம்பெனிக்காரங்க திங்கக்கிழமை எனக்குப் போன் பண்றாங்களாம், ஆள் எப்படின்னு கேக்க. நல்லவேளை, இப்பவே தெரிஞ்சுது."

இதுதான் முடிச்சு. வேறு ரகசியம் ஒன்றும் இல்லை. "யாரு" என்ற இடத்தில் பூட்டு என்ன எழுதுவாள்? தன் பெயரை எழுதினால் அவள் வேலை. எழுதாவிட்டால் சீப்பின் வேலை.

5

சனிக்கிழமை மாலை, பூட்டின் வீடு. கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவர். எதையும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கத் தெரிந்தவர். அவள் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சுவரோரம் சாயம்போன பச்சை நாற்காலி, அதன்மேல் மடித்த துணி.

[பூட்டின் வீட்டுக்குள் நான் போனதே இல்லை. அந்தப் பச்சை நாற்காலி என் வீட்டில் இருப்பது. இப்போதும் அதில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.]

"எதுக்கு இவ்வளவு யோசனை?" என்றார் கணவர்.

"வரி என்னுதுங்க."

"யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

[அடித்துவிட்டேன். "எனக்குத் தெரியும்" என்று நிமிர்ந்து நின்று சொல்கிற பெண்கள் கதையில்தான் வருவார்கள். மறுபடி எழுதுகிறேன்.]

"வரி என்னுதுங்க."

"சரி. அவன்தான் போயாச்சே. போனவன் தலையில போட்டா அவனுக்கு என்ன வலிக்கப்போகுது?"

"அவனுக்கு வேற இடத்துல வேலை கிடைக்கிற மாதிரி இருக்குதாம். அதுவும் போயிடும்."

"அது அவன் தலையெழுத்து. உனக்கு இது போனா யாரு குடுப்பா? கர்னல் கர்னல்னு அது ஒண்ணுதான தெரியும் உனக்கு."

"காலையில அவனுக்குப் போன் பண்ணேன்."

"சொல்லிட்டியா?"

"இல்ல. அவன் ஏதாவது மாத்தியிருப்பானான்னு கேட்டுப் பாத்தேன். மாத்தலைங்கறான்."

"மாத்தினேன்னு சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும், இல்ல?"

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, அடுத்த சட்டையைக் கேட்டாள்.

இந்தக் காட்சி எனக்குத் திருப்தி. ஒரு நிரபராதியின் வாயிலிருந்தே தன் குற்றத்துக்குச் சாட்சி தேடுகிற பெண். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எழுதும்போதே உள்ளுக்குள் இனித்தது. ஒரு பாத்திரத்தின்மேல் ஆசிரியனுக்கு இவ்வளவு ஆத்திரம் இருக்கலாமா என்று நீங்கள் கேட்கலாம். அடுத்த பகுதிக்குப் போவோம்.

6

முடிவுகள் மூன்று வைத்திருக்கிறேன்.

முதல் முடிவு: திங்கட்கிழமை, கூட்டம். பூட்டு எழுந்து, "அந்த வரியை எழுதியது நான்" என்கிறாள். அறை நிசப்தம். ஸ்லைடு சார் கண்கலங்கி அவள் நேர்மையைப் பாராட்டுகிறார். இப்படி ஒரு அலுவலகம் எங்கே இருக்கிறது என்று யாராவது சொன்னால் இந்தக் கதையைப் பாதியில் விட்டுவிட்டு விண்ணப்பம் போடுவேன்.

இரண்டாவது: ரிப்போர்ட்டில் "ஒரு வரி விடுபட்டிருந்தது" என்று மட்டும் எழுதுகிறாள். யாரும் விடவில்லை, பாவம், அதுவாகவே விடுபட்டது. அலுவலக இலக்கியத்தின் உச்சம் இது. ஆனால் ஸ்லைடு சார் கேட்டது மூன்று பாயிண்ட். "யாரு" என்ற கட்டம் காலியாக இருந்தால் அவரே நிரப்பிக்கொள்வார்.

மூன்றாவது: சீப்பின் பெயரை எழுதி அனுப்புகிறாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம். சீப்புக்குக் கிடைக்கவிருந்த வேலை கைநழுவுகிறது. ஏன் என்று அவனுக்கு யாரும் சொல்வதில்லை. அடுத்த வருடம் பூட்டுக்குப் பதவி உயர்வு.

எனக்குப் பிடித்தது மூன்றாவது. நிஜத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, கசப்பாக இருக்கிறது, படிக்கிறவர்கள் பெருமூச்சு விடுவார்கள். அதைத்தான் விரிவாக எழுத உட்கார்ந்தேன். "ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம், கெடு முடிய ஐந்து நிமிடம் இருக்கையில், பூட்டின் விரல்—"

7

அந்த வாக்கியம் அங்கேயே நிற்கிறது. இனி எழுத முடியாது. காரணத்தைச் சொல்வதற்கு முன்னால், இவ்வளவு நேரம் மறைத்ததைச் சொல்லிவிடுகிறேன். உங்களில் பலர் கண்டுபிடித்திருப்பீர்கள்; கண்டுபிடிக்காதவர்கள் நல்லவர்கள்.

சீப்பு நான்தான்.

சனிக்கிழமை போனை எடுத்தது நான். திங்கட்கிழமை என்னைப் பற்றித்தான் ஸ்லைடு சாரிடம் விசாரிக்கப் போகிறார்கள். நான்கு மாதம் வீட்டில் உட்கார்ந்து, மனைவி வேலைக்குப் போகும்போது கதவைச் சாத்திக்கொண்டு, நேர்காணலுக்கு மேல் நேர்காணலாக ஏறி இறங்கி, கடைசியில் ஒரு கம்பெனி என்னை எடுக்கிறேன் என்றது. அந்த நேரம் பார்த்து இது. சோதனைக்காரர் நேற்று மாலை விஷயத்தைச் சொன்னதும் பூட்டின் நம்பரை எடுத்தேன். போன் செய்து அவளைத் திட்டத் துணிவில்லை. கதை எழுதத் துணிவு இருந்தது. அவள் வீட்டை, அவள் கணவரை, அவள் வாயில் வந்த வார்த்தைகளை எல்லாம் என் வசதிக்குச் செய்தேன். நாலுபேர் படித்து அவளைக் காறித் துப்பட்டும் என்று நினைத்தேன். நினைத்தது நிஜம்.

8

மேலே அந்த வாக்கியம் பாதியில் நின்றது நாலு இருபதுக்கு. அப்போது போனில் ஒரு செய்தி வந்தது. பூட்டு.

"ரிப்போர்ட் அனுப்பியிருக்கேன். அஞ்சு மணிக்கு சாருக்கு அனுப்பணும். கடைசிப் பாராவுல உன்னப் பத்தி இருக்கு. சரியான்னு பாத்துச் சொல்லு. நேத்தே சொல்லியிருக்கணும், வாய் வரல. மன்னிச்சுக்க."

கடைசிப் பாரா இது. ஒரு எழுத்தும் மாற்றாமல் தருகிறேன்.

"இந்த வரியை எழுதியவர் நான். கேபிள் செயலிழக்கும் நிலையில் கார்டை விடுவிக்கத் தவறியது என் பிழை. கோப்பில் வேறொருவர் பெயர் காணப்படுகிறது. அவர் தம் கடைசி நாளில் இடைவெளிகளை மட்டுமே சீர்செய்தார். இப்படி ஒரு பிழை இருப்பது அவருக்குத் தெரியாது."

என்னுடைய மூன்று முடிவுகளிலும் இது இல்லை; நான் கேலி செய்த முதல் முடிவில்கூட அவள் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் கற்பனை அவ்வளவுதான். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். அவளைப் பற்றி நான் இவ்வளவு பக்கம் எழுதியதை அவள் ஐந்து வாக்கியத்தில் பொய்யாக்கிவிட்டாள். வெட்கமாக இருந்தது. இன்னும் இருக்கிறது.

ஆனால் அந்த ஐந்தில் நான்குதான் உண்மை. ஐந்தாவது பொய். அது பொய் என்று அவளுக்குத் தெரியாது. உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும்.

கடைசி நாள் அந்த ஃபைலை வாரும்போது நான் பார்த்தேன். வாங்குகிற வரி இருந்தது, பார்க்கிற வரி இருந்தது, திரும்புகிற வரி இருந்தது, விடுகிற வரி இல்லை. ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது. அதற்கு ஒரு மாதம் முன்பு, வேறு ஒரு ஃபைலில், "மேடம், இங்க கார்டை விடல போல இருக்கே" என்று ஆறு பேர் முன்னால் கேட்டுவிட்டேன். "அது வேற இடத்துல விடுது. நீ ஸ்பேஸ மட்டும் பாரு" என்றாள் பூட்டு. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் சொன்னது சரியும்கூட. வேறு இடத்தில் விடத்தான் செய்தது. இந்தத் தடவை அப்படி வேறு இடம் இல்லை. இரண்டு முறை தேடிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். செய்துகொண்டு, திரும்புகிற வரியை நாலு ஸ்பேஸ் வலப்பக்கம் தள்ளிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். என்றைக்காவது சோதனையில் மாட்டட்டும், ஒருநாள் எல்லோர் முன்னாலும் அவளும் நிற்கட்டும் என்று நினைத்தேன். லிஃப்டுக்குள் ஒரு ஆள் இருப்பார் என்று நான் நினைக்கவே இல்லை. அந்தப் பெட்டியை லிஃப்டில் மாட்டுவார்கள் என்று தெரிந்துதான் ஆறு வருடம் அங்கே சம்பளம் வாங்கினேன்.

9

"சரி" என்று அவளுக்குப் பதில் போட்டால் எனக்குத் திங்கட்கிழமை வேலை கிடைக்கும். ஆஸ்பத்திரியில் கிடந்த டாக்டருக்கு முழுப் பொறுப்பும் அவள் தலையில் விழும். "மேடம், எனக்குத் தெரியும்" என்று போட்டால், மறந்து விட்டவள் ஒருத்தி, பார்த்தும் விட்டவன் ஒருவன் என்று ரிப்போர்ட் போகும். பார்த்தும் விட்டவனை எந்தக் கம்பெனி எடுக்கும்? என் மனைவிக்கு என்ன சொல்வேன்?

நாலு ஐம்பத்தாறுக்குப் பதில் அனுப்பினேன். ஒரே வரி. உடனே அவளிடமிருந்து ஒரு வார்த்தை வந்தது: "தேங்க்ஸ்."

நான் அனுப்பியிருக்கக்கூடிய இரண்டு பதிலுக்குமே அந்த வார்த்தை பொருந்தும். எதை அனுப்பினேன் என்று இங்கே எழுதப்போவதில்லை; எழுதினாலும் நீங்கள் நம்புவதற்கு ஆறு பகுதி நான் வேறு ஆளாக நடித்திருக்கக் கூடாது. என்னை இவ்வளவு தூரம் பார்த்துவிட்டீர்கள், முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என்னைப் பற்றி நல்லவிதமாக எழுதினால் சந்தோஷம். அது தவறாக இருந்தாலும் நான் சொல்லமாட்டேன். தவறைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருப்பது எனக்குக் கைவந்த கலை.